கத்தரிப்பூ நிறச் சட்டை

அப்பாவின் போட்டோ ஸ்டூடியோ கணினி அன்று காலை நாலாவது முறையாக நின்றுபோனது.

"இனிமே இதக் கட்டி மாரடிக்க முடியாது," என்றார் அப்பா.

சித்தப்பா மூன்று பென் டிரைவ்களோடு வந்து இறங்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு வகை லினக்ஸ், கணினியை இயக்கும் இலவச மென்பொருள். கணினியில் எதையும் அழிக்காமல், செருகி ஓட்டிப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

"எந்தப் படத்தத் தொறக்கலாம்?"

"அம்மா படம்," என்றாள் வாலு. அவளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் வேறு பெயர் உண்டு. வீட்டில் அது யாருக்கும் நினைவில்லை.

அம்மா ஒரு தீவுக்குப் பறவைகளைப் படமெடுக்கப் போய் ஐந்து மாதம் ஆகிறது. திரும்ப இன்னும் நான்கு மாதம். கிளம்பும் முன் ஒரே துணியில் தனக்கும் வாலுவுக்கும் சட்டை தைத்தார். கத்தரிப்பூ நிறம். தீவில் அதைப் போட்டுத் தன்னையே படமெடுத்து அனுப்பியிருந்தார். அதை அச்சிட்டுக் கட்டிலுக்கு மேலே மாட்ட வேண்டும் என்று வாலு நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் லினக்ஸின் அழகு கண்ணைப் பறித்தது.

"இதையே போட்டுடலாம்," என்றார் அப்பா. ஆனால் அம்மாவின் சட்டை நீலமாகத் தெரிந்தது.

இரண்டாவது மின்னல் வேகம். சித்தப்பாவுக்கு அதுதான் செல்லம். சட்டை என்னவோ இன்னும் நீலம்.

"அப்புறமா கையால சரி பண்ணிக்கலாம்," என்றார் அப்பா.

"சரியான நிறம் உனக்கு ஞாபகம் இருக்காப்பா?"

அப்பா திரையை உற்றுப் பார்த்தார்.

வாலு அலமாரிக்கு ஓடினாள். அம்மா வரும் நாளில் போடுவதற்காக அவள் தன் சட்டையை மடித்தே வைத்திருந்தாள். அதை எடுத்து வந்து, "மூணாவதையும் போடுங்க சித்தப்பா," என்றாள்.

"அது அழுமூஞ்சி மாதிரி இருக்கும். பரவாயில்லையா?"

சாம்பல் நிறத்தில் உம்மென்று வந்து நின்றது மூன்றாவது. ஆனால் திரைக்கு ஏற்ற நிற அளவுகளைத் தானாகவே எடுத்துக்கொண்டது. படம் திறந்ததும் வாலு தன் சட்டையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தாள். இரண்டும் ஒரே கத்தரிப்பூ.

"அம்மா," என்றாள் மெதுவாக. சித்தப்பா மற்ற இரண்டு பென் டிரைவ்களையும் பைக்குள் போட்டார்.

மாலையில் படம் கட்டிலுக்கு மேலே ஏறியது. வாலு சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள். சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"என்னையும் ஒரு படம் எடுப்பா. அம்மாவுக்கு அனுப்பணும்."

"சட்டை குட்டையாயிடுச்சே, வேற போட்டுக்கறியா?"

"வேணாம். குட்டையானது நல்லாத் தெரியற மாதிரி எடு," என்றாள் வாலு. "அப்பதான் சீக்கிரம் வருவாங்க."