மிதி, விடு

"மிதி" என்று அவன் வாயைத் திறப்பதற்குள் மேலே பெடல் இறங்கிவிட்டது.

பழைய காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த எலக்ட்ரீஷியனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. உள்ளே பெடலில் கால் வைத்திருப்பவள் அவன் மனைவி. காலையிலிருந்து மிதித்து மிதித்து அவளுக்கும் சலித்திருக்கும். கிளட்ச் குழாயில் காற்று புகுந்துவிட்டது. பெடல் தொளதொளவென்று தரைவரை போகிறதே தவிர, கிளட்ச் கியரை விடமாட்டேன் என்கிறது. ஒருவர் மிதித்துப் பிடித்துக்கொள்ள, அடியில் கிடப்பவர் திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். நாளைக்கு மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேறு வண்டி கிடையாது. மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லி அவள் படித்துப் படித்துச் சொன்னாள். இவன் கேட்டால்தானே? ஊர் ஒயரிங்கையெல்லாம் பார்க்கிறவனுக்கு இது ஒரு வேலையா!

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

திருகைத் திறந்தான். நுரைத்த எண்ணெய் டப்பாவில் கொப்பளித்து விழுந்தது. மூடினான். "விடு."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை இரைந்தது. பட்டப்பகலிலேயே காருக்கு அடியில் இருட்டி, பழைய ரப்பரும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈர மண்ணும் கலந்த வாடை மூக்கில் ஏறி, அதற்குள்ளிருந்து இன்னொரு நாற்றம், நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையில் யாரோ மூச்சு விட்டதுபோல, மேலிருந்து மெல்ல இறங்கி வந்தது. எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

அதே குரல். அதே இழுப்பு. ஒரு இம்மிகூட மாறவில்லை.

எண்ணெய் இப்போது நுரையில்லாமல் வந்தது. திருகை இறுக்கி மூடினான். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், "விடு!" என்றான்.

பெடல் மேலே வரவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். நனைந்த இரண்டு பாதங்கள் காருக்குப் பின்னால், சுவரோரமாக வந்து நின்றன.

"அப்பாவுக்கு மாத்திரை குடுக்கப் போறேன்னு அப்பவே சொல்லிட்டுத்தானே போனேன்?" என்றாள் அவன் மனைவி. "யாருகிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க?"

ஷெட் தரை பின்பக்கமாகச் சரிவு. ஹேண்ட்பிரேக் அறுந்து மாசக்கணக்காகிறது. வண்டியைப் பிடித்து வைத்திருப்பது கியர் மட்டும்தான். சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னவளை, "கிளட்ச்சே விடாத வண்டி, எங்க ஓடிடப் போகுது?" என்று கிண்டல் பண்ணியவன் அவனேதான்.

இனி மிதித்தால் கிளட்ச் விடும். கியருக்குப் பிடி இருக்காது. அவன்தான் சரிசெய்துவிட்டானே.

"தள்ளிப் போ! சுவர்கிட்ட நிக்காத!"

"என்னங்க? மழையில ஒண்ணும் கேக்கல."

பாதங்கள் இன்னும் நெருங்கின.

பெடல் ஒருமுறை மேலே வந்து, மறுபடி இறங்கியது. இரும்பு முனகியது. இடுப்பை ஒட்டியிருந்த முன்சக்கரம் அசைந்தது. ஒரு விரல் அளவு. இன்னொரு விரல்.

"விடு," என்று மேலே பார்த்துக் கெஞ்சினான். "விடும்மா. விடு."

சீட் கிரீச்சிட்டது. கனமான ஏதோ ஒன்று வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

"மிதிச்சுட்டேன்," என்றது அவன் மனைவியின் குரல்.

சக்கரம் அவன் சட்டையைக் கவ்வியது. பின்னால், வண்டிக்கும் சுவருக்கும் நடுவே, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்பதற்காக அவள் முழங்காலில் கைவைத்துக் குனிந்தாள்.