ஈரமான சிரட்டை

சிரட்டை ஈரமாக இருந்தது. அதுதான் உதயாவுக்குப் பிடிக்கவில்லை.

தீவில், பெரார்கஞ்ச் ஊரைத் தாண்டி, ஓடைக்கரையில், வெள்ளைக்காரன் காலத்துக் கூரையில்லாத கட்டடம் அது. சுவரை ஓர் ஆலமரம் முழுசாக விழுங்கியிருந்தது. தொடைப் பருமனுள்ள வேரொன்றில் கம்பி கட்டி அந்தச் சிரட்டையை மாட்டியிருந்தார்கள். மேலே ஒன்றின் கீழ் ஒன்றாகச் சாய்வான வெட்டுக் கோடுகள், ரப்பர் மரத்தில் இருப்பது போலவே. ஆலமரத்தில் எவன் பால் வெட்டுவான்?

காலையில் வீடிருக்கும் கராச்சர்மாவிலிருந்து வேனில் கிளம்பியபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அணைக்கட்டு ஏரியில் மகள் சுதா மீனுக்குப் பொரி போட்டாள். மதியம் ஆற்றங்கரையில் புளிச்சோறு. ராத்திரிக்கு இங்கே கூடாரம். கோடை லீவில் மூவரும் சேர்ந்து போகும் முதல் பயணம் இது.

கணவன் அருண்பிரசாத் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவன். சிலோன் தோட்டத்திலிருந்து அவன் அப்பா கொண்டுவந்த வெட்டுக்கத்தி எப்போதும் வேனில் கிடக்கும். புது மரமென்றால் முதல் நாளே கம்பி கட்டிக் காலிச் சிரட்டையை மாட்டிவிடுவார்கள், வெட்டு மறுநாள்தான். அவளுக்கும் அது தெரியும்.

"கை அரிக்குது புள்ள," என்று சிரித்தான். "ஒரே ஒரு வெட்டு."

"அது வேற ஆளோட மரம். அடுத்தவன் கோட்டுக்குக் கீழ வெட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அரே, இந்தக் காட்டுல எந்த ஆளு?"

கத்தி கிறீச்சென்று இழுபட்டது. பால் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. பிறகு சிவந்தது. கசாப்புக் கடை வாடை. அவன் ஓடையில் கத்தியைக் கழுவி, அடுப்புக் கல் பக்கத்தில் வைத்துவிட்டு, விறகு பொறுக்கக் கட்டடத்துக்குப் பின்னால் போனான்.

தீவில் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது, பட்டென்று இருட்டிவிடும். சுதா வேனில் தூங்கிக்கொண்டிருக்க, சில்வண்டுகளின் இரைச்சலும் சேற்று வாடையும் ஓடைத் தண்ணீர் கரையை நக்குகிற சத்தமும் ஒன்றோடொன்று கலந்து சூழ்ந்துகொண்டபோது, உதயா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

கிறீச்.

நிதானமான, கைதேர்ந்த இழுப்பு. மறுபடியும் வெட்டுகிறான் என்று எரிச்சலோடு திரும்பினாள். கத்தி அடுப்புக் கல் பக்கத்திலேயே கிடந்தது.

"என்னங்க?"

கிறீச். சொட். சொட்.

கத்தியை எடுத்துக்கொண்டு, டார்ச்சோடு பின்பக்கம் போனாள்.

அருண்பிரசாத் சுவரோடு சுவராக நின்றிருந்தான். வேர்கள் நெஞ்சையும் வாயையும் இறுக்கியிருந்தன. தோளிலிருந்து இடுப்புவரை சாய்ந்த கோடுகள். சீவிய தோல் காலடியில் சுருள் சுருளாகக் கிடந்தது. வயிற்றருகே கம்பி, சிரட்டை. அதில் சொட்டியது வெள்ளையாக இருந்தது.

உயிர் இருந்தது. கண்கள் அசைந்தன.

வாயை மூடிய வேரை ஓங்கி வெட்டினாள். ரத்தம் அவள் முகத்தில் பீறிட்டது. அதே நொடியில் அவன் கழுத்தில் ஒரு கோடு திறந்தது. வேருக்குள்ளிருந்து அவன் அலறினான். இன்னொரு வெட்டு. அவன் காது அறுந்து தொங்கியது.

நிறுத்தினாள். வெட்டினால் அவனைக் கொல்வது அவள் கைதான். தாங்க முடியவில்லை.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கண்ணை ஓரத்துக்குத் தள்ளி, சுவர் முனைக்கு அப்பால் நின்ற வேனைப் பார்த்தான். திரும்பத் திரும்ப வேனையே பார்த்தான்.

சுதா.

கணவனை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். சாவி. வண்டி கிளம்பியது. மண் ரோடு, பள்ளம், மூங்கில். பின்னால் அந்த அலறல் தேய்ந்து நின்றுபோனது. அவள் அழுதுகொண்டே ஓட்டினாள்.

பின்சீட்டில் சுதா எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, அப்பா எங்க?"

"வருவாரு, கண்ணு. நீ படு." பிள்ளை பிழைத்தாள். அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

"குத்துதும்மா."

விளக்கைப் போட்டுத் திரும்பினாள். சுதா தூக்கக் கலக்கத்தில் கழுத்தில் விரல் விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றிப் புதுக் கம்பி. அதில் ஒரு சிரட்டை, காலியாக.