சொர்ணலட்சுமியின் ஈரல்

1963 சித்திரையில், ஒரு தகரப் பெட்டியோடு திண்டுக்கல்லில் ரயிலிறங்கி, டாக்டர் சுப்புராஜின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன்.

வேலை ஒன்றுதான். மனித ஈரலின் செல்களைக் கண்ணாடிப் புட்டியில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டிக்குள் புட்டிகளை அடுக்கி, தினமும் தீனி ஊற்றுவோம். எவ்வளவு சீராட்டினாலும் நாலாம் நாள் செத்துவிடும். டாக்டருக்குக் கிறுக்குப் பிடிக்காத குறைதான்.

ஆடியில், அவர் வைத்தியம் பார்த்த சின்னாளப்பட்டி நெசவுக்காரி சொர்ணலட்சுமி சாகக் கிடந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, என்னைய அறுத்துறாதீக. முழுசா வீட்டுக்கு அனுப்பிருங்க."

சரி என்றேன். மத்தியானம் அவள் உயிர் போனதும் டாக்டர் கத்தியை எடுத்தார். ஈரல் துண்டை ஏந்தக் கிண்ணம் பிடித்தவன் நான்தான். வயிற்றைத் தைத்து, சேலையால் மூடி, கணவர் கருப்பணனிடம் ஒப்படைத்தோம். பாவிகள் நாங்கள்.

அந்தச் செல்கள் சாகவில்லை.

நாற்பது நாள் தாண்டியும் பித்தம் சுரந்தன. அப்போது பார்த்து, தீனியில் கலக்க மதராஸிலிருந்து வரும் கன்றுக்குட்டி ரத்தச் சீரம் நின்றுபோனது. டாக்டர் தன் கையிலேயே ரத்தம் எடுத்து, மேலே தெளிந்த நீரைப் புட்டியில் ஊற்றினார். மறுநாள் செல்கள் இரண்டு மடங்காகியிருந்தன.

அவர் கண்கள் மஞ்சளாகியிருந்தன.

"ஐயா, போதும்யா. நிறுத்திருங்க."

"பசிக்குதுங்கிறாடா," என்று புட்டியைப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

தினமும் ஊசி குத்திக்கொண்டார். ஐப்பசியில் காமாலை முற்றி, ஈரல் கெட்டுச் செத்தார். நான் தீனியை நிறுத்தி, பெட்டியின் சூட்டையும் அணைத்தேன்.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் கருப்பணன் வந்தார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. அவ முழுசாத்தான் வந்தாளா? கொறையா வந்துட்டேன்னு கனவுல வந்து அழுகுறா. ஏதாச்சும் இருந்தா குடுங்க, அவ பக்கத்துலயே பொதச்சுர்றேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஜெயிலுக்குப் பயந்தேன்.

"முழுசாத்தான் அனுப்புனோம்."

அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் கதவைச் சாத்தினேன்.

அணைத்த பெட்டிக்குள்ளிருந்து கதகதப்பு வந்தது.

திறந்தேன். புட்டியில் புதுத் தீனி நிறைந்திருந்தது.

என் சட்டைக் கை ஈரமாக ஒட்டியது. சுருட்டிப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய துளை.

ரத்தம் இன்னும் நிற்கவில்லை.