சும்மா நிமிஷம்

மூன்று பேரும் ஒரே இடத்தில் ஒரு ஆளை வரைந்திருந்தார்கள்.

மேசை, மேசைமேல் மைக், அதன் முன்னால் நாற்காலியில் அவள். அவளுக்குப் பின்னால், கதவை ஒட்டிய மூலையில், நின்றபடி ஒரு ஆள். ஒருவர் கரித்துண்டால் வரைந்திருந்தார், ஒருவர் நீல மையால். மூன்றாவது படம் கணினியில் போட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில்தான் படத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்பது விளையாட்டின் விதி என்பதால், ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிக்க வழியே இல்லை. சரிதான், கூட்டுச் சேர்ந்து என்னைக் கலாய்க்கிறார்கள் என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவளே அவள்தான். பாட்காஸ்ட் பதிவு செய்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பேசத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு, அசையாமல், வெறும் அறையை மட்டும் பதிவு செய்வார்கள். மின்விசிறியின் முனகல், தெரு இரைச்சல், சுவருக்குள் குழாயில் தண்ணீர் இறங்குவது என்று எல்லாம் அதில் விழும். பிறகு அந்தச் சத்தத்தைப் பேச்சிலிருந்து கழித்துவிட்டால் குரல் பளிச்சென்று வரும். வேலை முடிந்ததும் எல்லாரும் அழித்துவிடுகிற அந்த நிமிடத்துக்கு 'சும்மா நிமிஷம்' என்று அவள் பெயர் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைக் கூடாரத்தில் போடுங்கள், ஓவியர்கள் ஹெட்போனில் கேட்டு உங்கள் அறையை வரையட்டும் என்றாள். பார்க்காத அறையைக் காதால் பார்த்து வரைவது. ஜன்னல் எந்தப் பக்கம், அலமாரி இருக்கிறதா, கட்டிலுக்கு அடியில் சாமான் அடைத்திருக்கிறதா என்று அவர்கள் பிடித்துவிடுவதைப் பார்த்து ஆளாளுக்கு வாயைப் பிளப்பார்கள்.

கூடாரம் என்பது இணையத்தில் அவள் தன் கையால் கட்டிய இடம். யாருக்கும் தெரியாத ஓவியர்கள், நாலு பேர் கேட்கிற பாட்காஸ்ட்காரர்கள், அவர்களுடைய ரசிகர்கள். சந்தா கிடையாது, விளம்பரம் கிடையாது, உள்ளே வர யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. முன்பு அவள் உயிரை விட்டு வளர்த்த ஒரு ரசிகர் குழுவுக்கு, அதன் முதலாளி ஒருநாள் திடீரென்று கட்டணம் போட்டான். கட்ட முடியாதவர்களெல்லாம் வெளியே நின்றார்கள். வருடக்கணக்கான பேச்சு, படம், சண்டை, சமாதானம் எல்லாம் பூட்டுக்கு அந்தப் பக்கம். அன்று அவள் அழுத அழுகையில்தான் கூடாரம் பிறந்தது. கூடாரத்துக்குக் கதவே வைக்கப்போவதில்லை என்று சபதம் செய்தாள், அதை மீறவும் இல்லை. சல்லிக்காசு வராத இடத்துக்குச் சொந்தக்காரி என்பதால் எல்லாரும் அவளை ஓனரம்மா என்று கிண்டலாகக் கூப்பிடுவார்கள்.

நீல மையில் வரைந்தவளுக்குக் கூடாரத்தில் பென்சில் என்று பெயர். துணிக்கடையில் பில் போடுகிற வேலை, அந்தப் பில்லின் முதுகிலேயே படம் போட்டுப் பழகிய பெண். ஓனரம்மா அவளை அழைத்தாள்.

"ஏய் பென்சில், என் முதுகுக்குப் பின்னாடி யாரை நிக்க வச்சிருக்கே?"

"ஐயோ, நான் கேட்டதைத்தான் போட்டேன் ஓனரம்மா. அக்காவா இருக்கும்னு நெனச்சேன். மூச்சு கேட்டுச்சே."

கூட இருக்கும் அவள் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த நேரத்தில் வார்டில் இருந்திருப்பாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஓனரம்மாவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. "அது என் மூச்சாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினாள்.

அடுத்த ஞாயிறு படம் போட்டவர்கள் அதிகம். எல்லாப் படத்திலும் அந்த ஆள் இருந்தது. மூலையில் இல்லை. மூலைக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றது.

அன்று மாலை வெயில் இறங்கும்வரை அவள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். மாடிப்படிக்கு அடியில் பழைய சாமான் போட்டிருந்த சின்ன அறை அது. வெளியே இருந்து சத்தம் வராமலிருக்க அவளே சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்து, ஜன்னலைப் பஞ்சுப்பலகையால் அடைத்து, கதவு இடுக்கில் துணியைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தாள். உள்ளே வந்து சாத்தினால் உலகம் ஒரேயடியாக நின்றுபோகும். மெத்தைகளின் பழைய வியர்வை வாசம், கணினியின் சூடான தூசி வாசம், தன் இதயம் காதுக்குள் அடிப்பது, இவ்வளவுதான் மிஞ்சும். இத்தனை நாள் அவளுக்குப் பிடித்த அமைதி அது. இப்போது அதற்குள் உட்கார்ந்து, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தன் வேலையில் கற்ற வித்தையை அந்த நிமிடத்தின் மேலேயே திருப்பினாள். போன வருடம் இதே அறையில் எடுத்த பழைய சும்மா நிமிஷத்தை எடுத்து, இன்றையதிலிருந்து கழித்தாள். அறையிலிருந்து அறையைக் கழித்தால் ஒன்றுமே மிஞ்சக்கூடாது.

மிஞ்சியது.

மெல்லிய, ஈரமான ஒரு இழுப்பு. ஒரு விடுதல். அவள் மூச்சை விடும்போதெல்லாம் அது இழுத்தது. அவள் இழுக்கும்போது அது விட்டது. பதிவில் ஓரிடத்தில் அவளுக்கு இருமல் வந்து மூச்சைப் பிடித்திருந்தாள். அங்கே அதுவும் நின்று, அவளுக்காகக் காத்திருந்தது. சத்தத்தைக் கூட்டியபோது, அது இடது காதிலிருந்து வலது காதுக்கு மெதுவாக நகர்ந்து போவது கேட்டது. பின்னாலேயே நடந்துகொண்டிருந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். திரும்பிப் பார்த்தாள். மெத்தைகள், கதவு, அவ்வளவுதான்.

டியூட்டி முடிந்து வந்த அக்கா, சமையலறையில் நின்றபடியே தண்ணீர் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"மூடித் தொலைடி அதை. ஊர்ல போறவன் வர்றவனையெல்லாம் உள்ள விட்டா எது வேணா வரும். உனக்கென்ன தலையெழுத்து? பத்துப் பைசா வருதா அதுல?"

"மூட மாட்டேன்."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்காக? எவனோ வந்து மூலையில நின்னு மூச்சு விட்டான்னு நான் கடையக் கட்டணுமா? அவ்வளவு பேரும் எங்க போவாங்க அக்கா?"

கூடாரத்திலும் முணுமுணுப்பு ஆரம்பித்திருந்தது. சிலர் சத்தமில்லாமல் விலகினார்கள். சிலர், புதியவர்களை விடாதீர்கள், கதவு வையுங்கள், அடையாளம் கேளுங்கள் என்றார்கள். குறட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிறவர் மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவர் பேருந்து ஓட்டுகிறவர். மனைவி இறந்தபிறகு தூக்கம் வராமல், தூக்கம் வராதவர்களுக்காகவே ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார். அதனால்தான் அந்தப் பெயர். மனைவி எப்படிப் போனாள் என்பதை அவர் வாயைத் திறந்து சொன்ன ஒரே இடம் கூடாரம். அன்று அதைக் கேட்டு முகம் தெரியாத ஓவியர்கள் இரவோடிரவாக அந்த அம்மாவை விதவிதமாக வரைந்து அனுப்பினார்கள். அவர் அவற்றைப் பேருந்தில் தன் இருக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறார். இதையெல்லாம் மூடு என்றால் எப்படி மூடுவாள்? கோபம் மண்டைக்கு ஏறியது. வந்தது யாராக இருந்தாலும் சரி, ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

அடுத்த ஞாயிறு எல்லாரையும் ஒரே நேரலையில் கூப்பிட்டாள். எல்லாருடைய மைக்கும் திறந்திருக்கட்டும், அதன் வண்டவாளத்தை எல்லாரும் சாட்சியாகக் கேட்கட்டும் என்றாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் நிறைந்தன. பென்சில் ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய குட்டிப்பெண் போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. குறட்டை சீருடையிலேயே வந்திருந்தார். வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். இந்த அறைக்குள் அது தெரியாது. அவள் கதவைச் சாத்தி, துணிச்சுருளைக் காலால் இடுக்கில் தள்ளி இறுக்கினாள்.

உட்கார்ந்தாள். காத்திருந்தாள்.

முதலில் வாசம் வந்தது. பல காலம் திறக்காத பெட்டியைத் திறந்த மாதிரி. பிறகு இடது பக்க மெத்தை, யாரோ சாய்ந்ததுபோல, லேசாக அமுங்கும் ஓசை. மூச்சு. ஹெட்போனில் கேட்கவில்லை. ஹெட்போனுக்கு வெளியே, பிடரிமயிரில் பட்டது.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிய்த்தெடுத்தாள்.

"இந்தா பாரு," என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். "நீ யாரு எவருன்னு நான் கேக்கல. இங்க யார் வந்தாலும் நாங்க துரத்தினதில்ல. ஆனா வந்தவங்க யாரும் இன்னொருத்தரைப் பயமுறுத்தினதும் இல்ல. மரியாதையா வெளிய போ."

மூச்சு நின்றது.

"போன்னு சொல்றேன்ல? போ!"

அவள் மேசையை ஓங்கி அடித்தாள். மைக்கின் மேலிருந்த பஞ்சு அசைந்தது. எதிர்க்காற்றில் அசைவதுபோல அல்ல, எதுவோ அதற்குள் நுழைந்துபோவதுபோல உள்வாங்கி, மறுபடி உப்பி நின்றது. வாசம் போய்விட்டது. மெத்தை மெதுவாக நிமிர்ந்தது.

ஒரு சும்மா நிமிஷம் ஓடியது. ஓவியர்கள் கேட்டு, வரைந்து, திறந்து காட்டினார்கள். எல்லாப் படத்திலும் மேசை, மைக், நாற்காலி, அவள். பின்னால் ஒன்றுமே இல்லை. யாரோ விசில் அடித்தார்கள். பென்சில் கைதட்டினாள். ஓனரம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஜெயித்துவிட்டேன், என் கூடாரம், என் ஜனங்கள் என்று நெஞ்சு விம்மியது.

"ஓனரம்மா," என்றார் குறட்டை. அவர் கைதட்டவில்லை. "எனக்குப் பின்னாடி யாராவது இருக்காங்களா? திரும்பறதுக்குப் பயமா இருக்கும்மா."

அவர் கட்டத்தில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருட்டு கொஞ்சம் தடிமனாக இருந்தது.

இன்னொரு கட்டத்தில் ஒரு பையன் மெல்லத் தோளைத் தடவிக்கொண்டான். இன்னொன்றில் ஒருத்தி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். ஒவ்வொரு கட்டமாக. ஒவ்வொரு முதுகாக.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் அடைத்திருக்கிறது. கதவு இடுக்கில் துணி. சுவரெல்லாம் மெத்தை. ஒரு ஊசி போகிற வழிகூட விடாமல் அவளே அடைத்துவைத்த அறை இது. வெளியே போ என்றாள். வெளியே போக இருந்த ஒரே வழியான மைக்கை, அத்தனை பேருடைய வீட்டுக்கும் அவளே திறந்து வைத்திருந்தாள்.

பென்சிலின் கட்டத்தில் கட்டில் லேசாக ஒரு பக்கம் தாழ்ந்தது. போர்வைக்கு அந்தப்புறம் எதுவோ உட்கார்ந்தது. குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. பென்சில் திரும்பவில்லை. திரையைப் பார்த்து, சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்தாள். பாப்பா. பாப்பா.

எல்லா மைக்கையும் வெட்டிவிடலாம். ஒரு பொத்தான்தான். வெட்டினால் அவள் அறை சுத்தமாக இருக்கும். அவரவர் அறையில் அவரவருக்கு அது மிஞ்சும்.

"யாரும் எதையும் அணைக்காதீங்க," என்றாள். "அப்படியே இருங்க. பென்சில், என்னையே பாரு. நான் இருக்கேன்ல?"

மைக்கை வாயருகே இழுத்தாள்.

"ஏய். அவங்ககிட்ட என்ன வேலை உனக்கு? இடம் குடுத்தவ நான்தானே? இங்க வா. திரும்பி வா. குழந்தையத் தொட்ட... தொலைச்சிருவேன். வாடி. வாடா. எதுவா இருந்தாலும் வா. எங்கிட்ட வா!"

பஞ்சு உள்வாங்கியது.

கட்டில் நிமிர்ந்தது. பென்சில் பாய்ந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, கட்டத்தை விட்டே ஓடினாள். பீரோவுக்குப் பக்கத்தில் இருட்டு கரைந்து, சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது. குறட்டை குலுங்கிக் குலுங்கி அழுதார். பையன் தோளிலிருந்து கையை எடுத்தான். கட்டம் கட்டமாக வெளுத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பஞ்சு ஒருமுறை உப்பியது. மறுபடி ஒருமுறை. மறுபடி.

"ஓனரம்மா, நீங்களும் வெளிய வாங்க! எந்திரிங்கம்மா!" குறட்டை கத்தினார்.

"கூடாரத்தை மூடாதீங்க அண்ணே," என்றாள். "யார்கிட்டயும் காசு வாங்காதீங்க."

கடைசிக் கட்டமும் சுத்தமானதைப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்தது.

அதில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் பார்க்கக்கூடாது என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

போனது ஒன்று. திரும்பி வந்தது ஒன்றல்ல.

இடது மெத்தை அமுங்கியது. வலது மெத்தை அமுங்கியது. கதவுப்பக்கம். கூரைப்பக்கம். மேசைக்கு அடியில், முழங்காலை ஒட்டி. காற்றே இல்லை, அந்த வாசம் மட்டும். அவள் மூச்சை விட்டாள். அறை முழுக்க, நெருக்கியடித்துக்கொண்டு, எத்தனையோ வாய்கள் அதை இழுத்தன.

"தள்ளி நில்லுங்க," என்றாள். "ஒவ்வொருத்தரா வாங்க. நான் எங்கயும் ஓடப்போறதில்ல."

நாற்காலியின் இரண்டு பக்கமிருந்தும் விரல்கள் முன்னால் வந்தன. நீளமாக, நகமில்லாமல், ஈரமாக. அவை அவள் கழுத்தைத் தொடவில்லை. கண்ணைத் தொடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, பொறுமையாக, அவள் வாயை மூடின.

அவள் கடித்தாள். பல் ஆழமாக இறங்கியது. விரல்கள் விலகவில்லை. மேலும் மேலும் வந்து அடுக்கிக்கொண்டேயிருந்தன.