முப்பத்தேழிலேயே நிற்கும் வண்டி

விடாமல் பிடித்துக்கொண்ட தூறலில் ஊரே விறைத்துக் கிடந்த அந்தச் சாயங்காலத்திலும், தராசுக்காரரின் ஸ்கூட்டர் மீட்டர் மட்டும் வெளியே முப்பத்தேழு டிகிரி என்று கூசாமல் காட்டிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். அதனால்தான் அந்தப் பெயர். துளி எடை தப்பாகக் காட்டிய தராசுக்காக ஒரு மளிகைக்கடைக்காரரைக் கடை வாசலிலேயே அழவைத்தவர். அப்படிப்பட்டவரின் சொந்த வண்டியே பொய் சொன்னால் ஆபீசில் சிரிக்க மாட்டார்களா? கொளுத்தும் வெயிலிலும் முப்பத்தேழு, பனி கொட்டும் காலையிலும் முப்பத்தேழு. வெப்பம் அளக்கும் சென்சாரை மாற்றியும் ஆயிற்று. அதே முப்பத்தேழு.

“சார், கொஞ்சம் இங்க வந்து பாருங்க” என்றான் மெக்கானிக்.

காலையிலிருந்து பட்டறையில் நின்ற வண்டி. என்ஜின் ஜில்லிட்டுப் போயிருந்தது. ஹெட்லைட்டுக்குக் கீழே இருந்த சென்சாரைக் கழற்றி, ஒயரோடு வெளியே தொங்கவிட்டான். மீட்டர் மளமளவென்று இறங்கிப் பத்தொன்பதில் நின்றது. மறுபடி அதே இடத்தில் மாட்டினான். முப்பத்தேழு.

“சென்சார்ல குத்தமே இல்ல சார். அந்த இடந்தான் சூடா இருக்கு.”

“என்ஜினே ஓடல. வெறும் காத்து எப்படிய்யா சூடாகும்?”

மெக்கானிக் நிமிர்ந்து பார்க்கவில்லை. கழிவுத் துணியில் கையைத் துடைத்தான், துடைத்த கையையே திரும்பவும் துடைத்தான். “மாட்டுறப்போ விரல்ல பட்டுச்சு சார். ஈரமா இருந்துச்சு. வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க. உங்க பாப்பாவ மட்டும் இதுல ஏத்தாதீங்க.”

“தொழில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எனக்கே பூச்சி காட்டாத!”

கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார். டியூஷன் வாசலில் மகள் நனைந்துகொண்டு நின்றாள். ஏறி உட்கார்ந்து, எப்போதும்போல அவர் இடுப்பைச் சுற்றிக் கையைக் கோத்துக்கொண்டாள். சின்னக் கைகள், ஐஸாகக் குளிர்ந்தன. பல் தந்தியடிக்கும் சத்தம் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

மூடிக் கிடந்த மில்லின் நீளமான மதிலை ஒட்டித்தான் வீட்டுக்கு வழி. தெருவிளக்கு ஒன்றும் எரியவில்லை. ஈர மண் வாசனைக்கு நடுவே வேறொரு நாற்றமும் எதிர்க்காற்றில் வந்து முகத்தில் அடித்தது. அடைத்த அறையில் நெடுநேரம் தூங்கியவரின் வாயிலிருந்து வருமே, அது. மீட்டரைப் பார்த்தார். முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தாறு. முப்பத்தேழு. ஒரே சீராக ஏறி இறங்கியது. தன் மூச்சும் அதற்கு ஒத்துப் போவதைக் கவனித்தபோது அவமானமாக இருந்தது, அவமானம் மறுபடி ஆத்திரமாகக் கிளம்பியது.

வண்டியை நிறுத்தினார். “சனியனே!” என்று குனிந்து ஹெட்லைட்டுக்குக் கீழே ஓங்கி ஒரு குத்து விட்டார்.

கை பிளாஸ்டிக்கில் படவில்லை. அந்த இடமே மெத்தென்று உள்வாங்கியது.

மீட்டர் இறங்கியது. முப்பது. இருபத்து நாலு. பத்தொன்பது.

பத்தொன்பதிலேயே நின்றது.

“பாத்தியா? ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வருது!” விரல் முட்டியில் பிசுபிசுத்ததைச் சட்டையில் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தார். நாளைக்கு அந்த மெக்கானிக்கை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும். நாற்றம்கூடப் போய்விட்டது. எதிர்க்காற்று சுத்தமாக வந்தது.

பின்சக்கரம் ஒருமுறை அமுங்கியது.

எடை விஷயத்தில் அவர் ஏமாந்ததே இல்லை. மகளின் எடை போக இன்னும் அறுபது கிலோ. குறையாது.

“அப்பா.”

“என்னம்மா?”

“இப்பக் குளிரலப்பா.”

அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். வண்டி திணறியது.

“பின்னாடி யாரோ என்னைக் கட்டிப் புடிச்சிருக்காங்கப்பா. நீங்க திரும்பக் கூடாதாம்.”

மதில் முடியவில்லை. பிடரியில் சூடாக மூச்சு பட்டது. நின்றது. பட்டது.

“விடாதே. அப்பாவை இறுக்கிப் புடிச்சுக்கோ” என்றார், தனக்கே கேட்காத குரலில்.

சின்ன விரல்கள் அவர் சட்டையைக் கொத்தாகப் பற்றின.

அவற்றில் ஒன்றை, சூடான, ஈரமான ஏதோ ஒன்று மெல்லப் பிரித்து எடுத்தது.

பிறகு அடுத்த விரலை.