கதை முடியட்டும்னுதான்...

"என்ன டிரைவர் நீங்க? ஏழாயிரம்பண்ணைக்கு வழி தெரியுமா, தெரியாதா?"

வேனிலிருந்து குதித்த வேகத்திலேயே பொன்மணி கேட்டுவிட்டாள். பட்டாசுக் கம்பெனியின் கேட்டைச் சாத்தியாகிவிட்டது. உள்ளே போர்மேன் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். தூக்குச்சட்டிகளோடு இறங்கிய பெண்கள் ஆளுக்கொரு பக்கம் முணுமுணுத்தார்கள்.

"தெரியும்ங்க" என்றான் அவன்.

"தெரிஞ்சவகதான் கண்மாய்க்கரை பூராவும் சுத்திக் கூட்டிட்டு வருவாகளா? சங்கரலிங்கம் அண்ணன் ஒரு நாளும் இப்படி லேட்டாக்குனது கிடையாது."

சங்கரலிங்கம் வழக்கமாக வேன் ஓட்டுகிறவர். காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக அன்று காலை பெண்களின் ஊரான இருக்கன்குடியில் வண்டியோடு வந்து நின்றவன் இவன். பெயர் அருள்பாண்டி.

"நீங்க கதைய முடிக்கலையே..." என்றான் தலையைச் சொறிந்தபடி.

"என்னது?"

"வேன்ல ஒரு கதை சொல்லிட்டு வந்தீகள்ல... மருமக கொலுசக் கண்மாய்ல தொலைச்சுட்டு, வாகை மரத்துக் காஞ்ச நெத்தக் கோத்துக் கால்ல கட்டிக்கிட்டு நடக்கா. கண்ணு தெரியாத மாமியா சத்தம் வித்தியாசமா இருக்கேன்னு அவ காலைத் தடவிப் பாக்கா. மாமியா என்ன சொல்லப் போறாளோன்னு நான் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்டுதேன்... நேர் ரோட்டுல வந்தா அதுக்குள்ள கம்பெனி கேட்டு வந்துருமே! கதை முடியட்டும்னுதான் சுத்தி வந்தேன்."

பாலம்மாள்தான் முதலில் சிரித்தாள். பொன்மணியோடு ஒரே அறையில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள், வேனில் எப்போதும் அவள் பக்கத்து சீட்டுக்காரி.

"அட கிறுக்குப்பயலே! கதை கேக்கவா ஒன்ன வண்டி ஓட்டச் சொன்னாக?"

பொன்மணிக்கு இன்னும் நாலு வார்த்தை திட்டவேண்டும் போலத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவை இன்னும் அந்த மாமியார் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தன... ஈரமாக.

திட்டாமல் தூக்குச்சட்டியைக் கைமாற்றிக்கொண்டாள்.

போர்மேன், பெண்களையெல்லாம் விட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று கத்தினார். அவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். கதைக்காகத்தான் என்று சொல்லவே இல்லை.

அன்று முழுக்க அவள் கை குழாய் சுற்றியது. மனசு சுற்றவில்லை. ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எழுதியவள் அவள். பத்திரிகைகளுக்கு அனுப்பியும் பார்த்தாள். போனது போனதுதான். நல்லா இருக்கு என்றும் வரவில்லை, நல்லா இல்லை என்றும் வரவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டால்கூடச் சத்தம் கேட்கும். "எழுதி எழுதி என்னத்தக் கண்ட? கண்ணுதான் கெடும்" என்றான் அண்ணன் முனியராஜ். அவள் பேனாவை வைத்துவிட்டாள். வாயை மட்டும் வைக்க முடியவில்லை. காலை வேனில் தினம் ஒரு கதை... பெண்களும் கேட்டார்கள். "நல்லாருக்குடி" என்றார்கள், ரசம் நல்லாருக்கு என்பதைப் போல. அதற்கு மேல் அவளும் எதிர்பார்த்ததில்லை.

அவள் கதைக்காக இதுவரை யாரும் ஒரு வசவுகூட வாங்கியதில்லை. இன்று ஒருவன் வாங்கினான்!

சங்கரலிங்கத்துக்குக் காய்ச்சல் விட்டாலும் முதுகுவலி விடவில்லை. அருள்பாண்டியே தொடர்ந்து வந்தான். பொன்மணி இப்போது வேன் கிளம்பியதுமே கதையை ஆரம்பித்தாள், கேட் வருவதற்குள் முடித்தாள். அவன் திரும்பிப் பேசமாட்டான். ஆனால் கண்ணாடியில் அவன் கண்கள் தெரியும். கதையில் ஒருத்தி அழுதால் அவை சுருங்கும். ஒருத்தி சிரித்தால் விரியும். அந்தக் கண்களைப் பார்த்து அவள் கதையின் போக்கையே சில நாள் மாற்றியிருக்கிறாள்... யாருக்கும் தெரியாமல்.

"எழுதுவீகளா?" என்று ஒருநாள் கேட்டான்.

"இல்ல."

"ஏன்?"

"எழுதி யாருக்குக் காட்ட?"

"எனக்குக் காட்டுங்க. நேத்து நீங்க சொன்ன கதைய எங்கம்மாகிட்ட சொன்னேன். பாதியில, 'ஏலே, நீ சொல்றது சரியில்ல, சொன்னவள வரச்சொல்லு'ன்னுருச்சு."

சிரித்துவிட்டாள். சிரித்ததை மறைக்க முந்தானையைக் கடித்தாள்.

"நீங்க எல்லாத்தையும் சொல்லிர மாட்டீக" என்றான் அவன், சிரிக்காமல். "ஒரு எடத்துல விட்டுருவீக. அந்த எடத்துல நான் எங்கம்மாவ நினைச்சுக்கிட்டேன். பாலம்மா மதினி அவுக மாமியாவ நினைச்சிருப்பாக. அது எல்லாருக்கும் வராதுங்க. எழுதுங்க."

தான் அப்படி விடுவது அவளுக்கே அதுவரை தெரியாது. அன்று சாயங்காலம் வெள்ளைத்தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். முதல் வரியை மூன்று தடவை அடித்து எழுதினாள். நாலாவது தடவை பேனா நிற்காமல் ஓடியது.

அதற்குப் பிறகு தாள்தாளாக அவனிடம் கொடுத்தாள். அவனும் படித்துப் படித்துச் சொன்னான். விருதுநகரில் ஒரு வாசகர் வட்டம் சிறுகதைப் போட்டி வைத்திருக்கிறது என்று செல்போனில் காட்டியவனும் அவன்தான்.

ஐப்பசியில் ஒருநாள் வானம் கறுத்தது. இடி உறுமினால் பட்டாசு வேலை கிடையாது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். வேன் ஏழாயிரம்பண்ணை டீக்கடை முன்னால் நின்றது. பெண்கள் கடைக்குள் நெருக்கியடித்தார்கள். தகரக்கூரையின் ஓரத்தில் பொன்மணியும் அவனும் மட்டும். மழை கம்பிகம்பியாக இறங்கியது. அவள் இமையில் ஒரு துளி தங்கி நின்றது.

"டீ ஆறுது" என்றாள்.

"ஆறட்டும்."

"மழைய வேடிக்கை பாக்குறீகளோ?"

"மழையப் பாக்கல..."

அவள் திரும்பவில்லை.

"பொன்மணி... எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு. மொத நாள்லருந்தே. வீட்ல வந்து கேக்கலாமா?"

அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ பூத்தது... பூத்த கையோடு எதுவோ வந்து அதைக் கிள்ளியது. அவள் மெல்லத் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"மொத நாள்லருந்தேவா?"

"ஆமா."

"அப்ப... என் கதைய நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?"

"ஐயோ, அப்படி இல்ல..."

"பிடிச்சவ என்ன எழுதுனாலும் நல்லாத்தான இருக்கும்? நான் அறிவுகெட்டவ. இந்த ஊர்ல ஒருத்தராவது என் எழுத்த எழுத்தாப் பாக்காகன்னு நம்புனேனே..."

"நான் சொல்லவந்தது..."

"சொல்லாதீக. இனிமே என் கதையப் பத்தி ஒத்த வார்த்தை சொல்லாதீக."

மழையிலேயே நடந்துபோய் வேனில் ஏறிக்கொண்டாள். காதல் சொன்னதற்காக அவளுக்குக் கோபமில்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு வாசகன். அவனையும் இந்தக் காதல் கொண்டுபோய்விட்டதே... அதுதான் தாங்கவில்லை.

வேன் ஊமையாகிவிட்டது. பெண்கள் கெஞ்சினார்கள், கிண்டலடித்தார்கள். "வாய்ல திரி கிரி வச்சுத் தச்சுட்டாகளாடி?" என்றாள் பாலம்மாள். பொன்மணி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

ஆனால் போட்டி நாள் நெருங்கியது. யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எழுதியே தீருவேன் என்று ஒரு வைராக்கியம் வந்தது. இத்தனை நாள் தொடாத கதையைத் தொட்டாள். தன் அம்மா குருவம்மாளின் கதையை.

பொன்மணி ஒன்பதாவது படிக்கும்போது, வேறொரு கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் குருவம்மாள் போய்விட்டாள். காலையில் வேனேறிப் போனவள் திரும்பி வரவில்லை. வேனில் வருகிற எல்லோருக்கும் அது தெரியும். அவள் எதிரில் யாரும் அதைப் பேசுவதில்லை. புதிதாக வந்த அருள்பாண்டிக்கு மட்டும் பாலம்மாள் ஒருநாள் சொல்லியிருந்தாள், பிள்ளை வாசலிலேயே காத்துக்கிடந்ததையும் சேர்த்து.

கதையில் பொன்மணி அம்மாவைக் காப்பாற்றிவிட்டாள். வெடிப்பதற்குச் சற்று முன்னால் அம்மா தண்ணீர் குடிக்க வெளியே வருகிறாள். பின்னால் அறை வெடிக்கிறது. அம்மா சாயங்காலம் மல்லிகைப்பூவோடு வீட்டுக்கு வந்து மகளைக் கட்டிக்கொள்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்போது வேனில் அதை வாசித்தாள். படித்து முடித்தபோது பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்குத்தான்டி பரிசு" என்றாள் பாலம்மாள் மூக்கை உறிஞ்சியபடி. "என்ன தம்பி, ஒங்க வாய்ல என்ன கொழுக்கட்டையா? கதை எப்படி?"

வேன் இருக்கன்குடிக்குள் நுழைந்து நின்றது. அருள்பாண்டி என்ஜினை அணைத்தான்.

"வேண்டாம் மதினி. என்னை ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காக."

"சொல்லுங்க" என்றாள் பொன்மணி. பல நாளைக்குப் பிறகு அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. என்ன சொல்லிவிடப் போகிறான்? நல்லாருக்கு என்பான். வேறென்ன தெரியும் அவனுக்கு?

அவன் திரும்பினான்.

"நல்லா இல்லங்க."

இறங்க எழுந்த பெண்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"ஏலே!" என்றாள் பாலம்மாள்.

"நல்லா இல்ல மதினி. அந்தம்மா வீட்டுக்கு வரல. அது ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் நீங்கதான் சொன்னீக. கதையில வரட்டும், அது எழுதுறவுக இஷ்டம். ஆனா..." அவன் பொன்மணியைப் பார்த்தான். குரல் தழுதழுத்தது. "அம்மாவக் கொண்டுவந்துட்டீக. அம்மா வராம வாசல்ல காத்துக்கிடந்த பிள்ளை ஒண்ணு இருந்துச்சே, அது எங்க? அந்தப் பிள்ளையக் காணோமே இந்தக் கதையில. அதத் தொலைச்சுட்டு இத அனுப்பாதீக."

அறைந்ததுபோல் இருந்தது. பொன்மணி தாள்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இவன் யார்? இவனுக்கு என்ன தெரியும்? தன்னை மறுத்த கோபத்தைக் கதைமேல் காட்டுகிறானா?

ஆனால் அவன் குரலில் கோபம் இல்லையே... அழுகைதானே இருந்தது...

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்து போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் முனியராஜ் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே... அம்மா போனதுக்கு அப்புறம் நான் அம்மாவுக்கும் சேத்துச் சோறு வடிப்பேனே, ஞாபகம் இருக்கா?"

ஊசி நின்றது.

"ஒரு தட்டுல போட்டு மூடி வைப்பேன். விடிஞ்சு பாத்தா தட்டு காலியா இருக்கும். அம்மாதான் வந்து தின்னுட்டுப் போயிருக்குன்னு நினைப்பேன். கொஞ்ச நாள் கழிச்சு, பூனையா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்..."

முனியராஜ் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தான்.

"பூனை இல்லடி" என்றான். "நான்தான்."

"அண்ணே..."

"தட்டு அப்படியே இருந்தா நீ அழுவ. காலியா இருந்தா சிரிச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போவ. அதுக்காகத் தின்னேன். எப்படித் தின்னேன்னு எனக்குத்தான் தெரியும்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். அவன் பித்தானை அறுத்து மறுபடி தைத்தான், நேராகத் தைத்திருந்ததையே. பிறகு கேட்டான்.

"எதுக்கு இப்ப இது?"

"எழுதுறேன் அண்ணே."

எழுதி என்ன கண்டாய் என்று கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் எழுந்துபோய் அடுப்பைத் தணித்தான்.

"சோத்த நான் வடிச்சுக்கிறேன். நீ போய் எழுது."

சாயங்காலம் வரை எழுதினாள். அம்மா வரவில்லை. மல்லிகைப்பூவும் வரவில்லை. மூடிவைத்த தட்டின் முன்னால் ஒரு சின்னப்பெண் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடமும் அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள் போல... கூப்பிட ஆளில்லாமல்.

திங்கட்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே பொன்மணி வேனருகே வந்துவிட்டாள். லேசான தூறல். அருள்பாண்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கை நின்றது.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது..." என்று ஆரம்பித்தான்.

"சொன்னது சரிதான். மாத்தி எழுதிட்டேன். நேத்து சாயங்காலமே தபால் பெட்டியில போட்டுட்டேன்."

"எனக்குக் காட்டாமலா?"

"ஏன், காட்டிட்டுத்தான் அனுப்பணுமா? பரிசு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். அந்தப் பிள்ளை கிடைச்சுட்டா. அது போதும் எனக்கு."

அவன் தலையசைத்தான். தூறல் அவன் தலைமுடியில் பொடிப்பொடியாக நின்றது. அவள் செருப்பின் நுனியால் மண்ணைக் கீறினாள்.

"ஒண்ணு கேக்கணும். நல்லா இல்லன்னு சொன்னா நான் ஒரேயடியா வெறுத்துருவேன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீக?"

"நீங்க கிடைக்காமப் போனாலும் போகட்டும்... அந்தக் கதை கெட்டுப் போகக்கூடாதுன்னு தோணுச்சு. அம்புட்டுத்தான்."

பொன்மணி நிமிர்ந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"நீங்க நல்லா இல்லன்னு சொன்னீகள்ல... அப்பத்தான் நம்புனேன். அதுக்கு முன்னால நல்லாருக்குன்னு சொன்னீகளே, அது அம்புட்டையும்."

தெருமுனையில் பாலம்மாளின் குரல் கேட்டது, மற்றப் பெண்களின் சிரிப்பும்.

"அடுத்த கதை ஆரம்பிச்சிருக்கேன்" என்றாள் அவசரமாக, குரலைத் தாழ்த்தி. "படிச்சுட்டு உள்ளதச் சொல்லணும். பொய் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்."

"எப்பவும் சொல்லக்கூடாது."

"எப்பவும் சொல்லமாட்டேன்ங்க."

"கல்யாணத்துக்கு அப்புறமும்..."

சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று வேனில் ஏறிக்கொண்டாள். அவன் கையிலிருந்த துணி நழுவிச் சேற்றில் விழுந்தது.