பதினாலு மணி நேரம்

"இது போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் மாப்ளே?"

பன்னிரண்டு வருஷமாக விமானத்தில் பெட்டி ஏற்றுகிற மச்சான், இப்படி ஒரு கேள்வி இதுவரை கேட்டதில்லை. ஏற்றினோமா, இறங்கினோமா, டீயைக் குடித்தோமா என்று போகிற ஆள்.

"பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பதினாலு மணி நேரம். ஏன், டிக்கெட் போட்டுட்டீங்களா?" என்றான் அவன்.

"நம்ம மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்." மச்சான் சிரித்தார். பிறகு வாய்க்குள்ளேயே, "பதினாலு... போதும்."

எதற்குப் போதும் என்று அவன் கேட்கவில்லை. நேற்றிலிருந்தே பேச்சு சரியில்லை. பயணிகளின் பெட்டியை நெம்பி மச்சான் நகை எடுத்ததை அவன் பார்த்துவிட்டான். நாளை சாயங்காலத்துக்குள் நீங்களே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நான் சொல்வேன் என்றிருந்தான். பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன் ஆயிற்றே என்று கொடுத்த அவகாசம் அது.

வால்பக்கத்துச் சரக்கறையில் நிமிர முடியாது, முழங்காலில் தவழ்ந்துதான் அடுக்க வேண்டும். வெயிலில் காய்ந்த தகரச் சூடும், எண்ணெய் வாடையும், எவர் பெட்டிக்குள்ளோ உடைந்த சென்ட்டும் சேர்ந்து தொண்டையை அடைத்தன.

"அந்தக் கோடியில ஒரு பெட்டி சாஞ்சு கிடக்கு பாரு. வலையை இழுத்துக் கட்டிட்டு வந்துடு" என்று சொல்லி மச்சான் இறங்கினார்.

தவழ்ந்து போனான். எந்தப் பெட்டியும் சாயவில்லை. அவன் திரும்புவதற்குள் வாசல் வெளிச்சம் கோடாகச் சுருங்கி அணைந்தது.

பதறவில்லை. கதவை மூடியவன் வெளியிலிருந்து மூன்று தட்டு தட்டுவான். உள்ளே ஆள் மாட்டியிருந்தால் பதிலுக்கு மூன்று தட்ட வேண்டும், உடனே திறப்பார்கள். அவனுக்கு முன்னால் மச்சானோடு ஜோடியாக இருந்த, குட்டை என்று எல்லாரும் கூப்பிடும் கீச்சுக்குரல் பையன் கொண்டுவந்த வழக்கம். குட்டை போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். அப்படித்தான் மச்சான் சொன்னார்.

டக். டக். டக்.

கதவுக்கு ஊர்ந்து போய், உள்ளங்கை எரியத் தட்டினான். மூன்று.

வெளியே மச்சானின் செருமல். தகட்டுக்கு அந்தப் புறம். அவ்வளவு பக்கம். கேட்டுவிட்டார்.

"ஆள் எல்லாம் இறங்கியாச்சு சார்!"

தங்கச்சியைப் பார்த்துக்க மாப்ளே என்று கல்யாணத்தன்று அழுத அதே குரல்.

கத்தினான். என்ஜின் இரைச்சல் விழுங்கியது. தரை சாய்ந்தது. காது அடைத்தது. தகரச் சூடு தணிந்து, சில்லிட்டு, மூச்சு இழுக்கவே வலித்தது. நாய், பூனை ஏற்றினால் மட்டும்தான் இந்த அறைக்குச் சூடு வைப்பார்கள். இன்று ஏற்றவில்லை. அது மச்சானுக்கும் தெரியும்.

பதினாலு மணி நேரம்.

போதும்.

விரல்கள் மரத்துப்போவதற்குள் இன்னொரு தரம் தட்டினான். மூன்று. யாருக்கென்று தெரியாமல்.

டக். டக். டக்.

கதவிலிருந்து இல்லை. பின்னாலிருந்து. அவன் கையால் அடுக்கிய பெட்டிகள். இடையில் பூனை நுழைய இடமில்லை.

ஒரு பெட்டி நகர்ந்தது. இன்னொன்று.

இருட்டில் ஒரு கை அவன் மணிக்கட்டைப் பற்றியது. பெட்டி ஏற்றுகிறவர்கள் போடும் கையுறை. அதன்மேல் பனி, கல்லுப்பு மாதிரி நறநறத்தது.

"நானும் தட்டினேண்ணே," என்றது அந்தக் கீச்சுக்குரல். "போய்ச் சேர இன்னும் எவ்வளவு நேரம்?"